ஆய்வு ஏவூர்தி நிகழ்பட இறுக்கம்

ஆய்வு ஏவூர்தி நிகழ்பட இறுக்கம் என்பது, ஆய்வு ஏவூர்திகளில் பொருத்தப்பட்ட ஒளிப்படக்கருவிகள் பதியும் எண்ணிம நிகழ்படத்தை வானொலி வழியே தரைக்கு அனுப்பத்தக்க அளவிற்குச் சுருக்கும் நுட்பம் ஆகும். இந்திய மண்ணில் முதல் ஆய்வு ஏவூர்தி 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. இத்தகைய ஏவூர்திகள் சில நிமிடங்களே பறப்பவை. பல கடலில் வீழ்ந்து மீட்கப்படாமலே போகின்றன. ஆகவே பறக்கும்போது தரைக்கு வந்து சேர்வது மட்டுமே எஞ்சும்.

தேவை

720 × 576 படப்புள்ளிகள் கொண்ட நிகழ்படம், நொடிக்கு 25 சட்டகங்கள், படப்புள்ளிக்கு 12 பிட்டுகள் என்ற கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட்டுகள் ஆகும். அதை 4 மெகாபிட்டு அலைவரிசையில் அனுப்ப 31 மடங்கு சுருக்க வேண்டும்.

செயற்பாடு

சட்டகம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்த கோசைன் உருமாற்றத்திற்கு உட்படுத்தப்படுகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, தி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட இவ்வுருமாற்றமே ஜேபெக், எம்பெக்-2 ஆகியவற்றின் அடிப்படை. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருட்டிணன்கோவிலில் 1984 இல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி (தற்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்), இராசபாளையம் இராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றில் மின்னணுவியல் பயில்வோர் படிமச் செயலாக்கப் பாடத்தில் சந்திப்பதும் இதனையே.

அடுத்து, முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதி மட்டும் குறியாக்கப்படும். தற்சுழற்சியால் நிலைப்படுத்தப்படும் ஏவூர்தியிலோ காட்சி முழுவதுமே சுழல்வதால் இம்முறையின் ஆதாயம் வெகுவாகக் குறைகிறது.

பிழைகள்

இறுக்கிய தரவில் ஒரு பிட்டு பிழைத்தாலும் அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை படம் சிதையக்கூடும். முழுச் சட்டகங்களை அடிக்கடி அனுப்புவதும், பிழைதிருத்தக் குறிகளைச் சேர்ப்பதும் தீர்வுகள்; இரண்டும் அலைவரிசையை உண்பவை. ஏவூர்தி வெடித்தால், குறியாக்கியின் நினைவகத்தில் காத்திருக்கும் இறுதிச் சட்டகங்கள் வெளியேறாமல் அழியும். விபத்தை ஆராய்வோருக்கு வேண்டியவை பெரும்பாலும் அவையே. எனவே இத்தகைய பயன்பாட்டிற்கு ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே இறுக்கும் முறை, அளவு கூடினும், ஏற்றது.

2014 ஏப்ரல் 18 அன்று பால்கன் 9 ஏவூர்தியின் முதற்படி அட்லாண்டிக் கடலில் மெதுவாக இறங்கியபோது கிடைத்த நிகழ்படம் பெரிதும் சிதைந்திருந்தது. இசுபேசு எக்சு நிறுவனம் மூலக்கோப்பைப் பொதுவில் வெளியிட்டது. தன்னார்வலர்கள் பிட்டு பிட்டாகத் திருத்தி, இறங்குகால்கள் விரிவதைக் காணும் அளவிற்கு அதனை மீட்டனர்.

ஆய்வு ஏவூர்தி அல்லவெனினும், 2017 பெப்ரவரி 15 அன்று 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்ற பிஎசுஎல்வி-சி37 இன் ஒளிப்படக்கருவிகள் அவை பிரிந்து செல்வதைப் பதிந்தன. இசுரோ அந்நிகழ்படத்தை வெளியிட்டது.