‘சுட்டுவிட்டீர்கள்’

1985 ஜூன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மரியெட்டா நகரின் புற்றுநோய் சிகிச்சை மையம். மார்பகக் கட்டியை அகற்றிக்கொண்ட 61 வயதுப் பெண் ஒருவர் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் படுத்திருந்தார். தெராக்-25 என்ற எந்திரம் இயங்கியதும் தோளருகே தீயாய் எரிந்தது. சுட்டுவிட்டீர்கள் என்றார். அதற்கு வாய்ப்பே இல்லை என்றார் பணியாளர். மையத்தின் இயற்பியலாளர் தயாரிப்பு நிறுவனத்திடம், கனடா அரசுக்குச் சொந்தமான ஏ.இ.சி.எல்.லிடம், விசாரித்தார். மூன்று நாள் கழித்து அங்கிருந்தும் அதே பதில். வழக்கமான ஒருவேளை அளவு 200 ராட். அவர் உடலில் பாய்ந்தது 15,000 முதல் 20,000 ராட் வரை இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். மார்பகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. தோளும் கையும் செயலிழந்தன.

ஜூலையில் கனடாவின் ஹாமில்டனில் 40 வயதுப் பெண். டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் இன்னொரு பெண். அவர் இடுப்பில் வரிவரியாகச் சிவந்திருந்தது. எந்திரத்தால் இப்படி நேராது என்று காரணங்களை அடுக்கிக் கடிதம் எழுதியது நிறுவனம்.

பெண்கள் என்பதால்தான் நம்பவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மறு ஆண்டு மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் பாதிக்கப்பட்ட ஆணுக்கும், மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்றே முதலில் சொன்னார்கள். ஆனால் வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் நமக்குப் பழகியதுதான்.

முந்தைய மாதிரியான தெராக்-20இல் கணினியைச் சாராத பாதுகாப்புப் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை நீக்கி, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். அந்த மென்பொருளை எழுதியவர் ஒரே ஒருவர். 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வு மென்பொருள் பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் வெளியிட்ட விசாரணைக் கட்டுரையில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான்.

டைலரில் ஏப்ரலில் இன்னொருவரும் பாதிக்கப்பட்டார். இரண்டு முறையும் விசைப்பலகையில் இருந்தவர் ஒரே பெண். திரையில் வந்தது ‘கோளாறு 54’. அவரும் மருத்துவமனை இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் உட்கார்ந்து, தான் செய்ததை அவர் நினைவுகூர, அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரே என்று தவறாக அடித்ததை எலக்ட்ரான் என்று மாற்றி, எட்டு வினாடிக்குள் மற்றதையும் முடித்தால் திரையில் திருத்தம் தெரியும்; எந்திரமோ பாதி பழைய நிலையிலேயே நிற்கும். வேகம்தான் திறவுகோல். தேர்ந்த பணியாளரின் கைவேகம். நிறுவனப் பொறியாளருக்கு முதலில் அந்தக் கோளாறு வரவே இல்லை; வேகமாக அடிக்க வேண்டும் என்று ஹேகர் விளக்கிய பிறகுதான் வந்தது.

உடனடித் தீர்வாக மருத்துவமனைகளுக்கு ஒரு கடிதம் போனது: திருத்தப் பயன்படும் மேல்நோக்கு அம்புக்குறி விசையின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடவும்.