சிற்றணையின் ஆயுள்

1934 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாஷிட்டா ஆறு பெருக்கெடுத்து, ஹாமன் என்னும் சிற்றூர்ப் பகுதியில் 17 உயிர்களைக் கொண்டது. வெள்ளத்தை அது திரளும் ஓடையிலேயே தடுத்தல் வேண்டும் என்னும் கருத்துக்கு 1944ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழிவகுத்தது. அதன்படி 1948 ஜூலையில் கார்டெல் அருகே, கிளவுட் ஓடையில், நாட்டின் முதல் சிறு மண்ணணை எழுந்தது. மழைவெள்ளத்தைத் தேக்கிக் குழாய்வழியே சிறிது சிறிதாக வெளிவிடுவதே அதன் தொழில். மிகுநீர் பக்கத்துப் புல்தரைக் கலிங்கின் வழியே கழியும். பின்னாளில் அம்மாநிலத்தில் மட்டும் இத்தகைய அணைகள் 2,000-ஐக் கடந்தன.

அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் குறித்த ஆயுள் 50 ஆண்டுகளே. அணை தடுத்த வண்டலே அதன் வயிற்றைத் தூர்க்கும். வெள்ளத்தை மறந்த மக்கள் அணையின்கீழ் வீடெடுப்பர். காப்பே இடராகும் இந்நிலையை உணர்ந்து, பழைய அணைகளைப் புதுப்பிக்க 2000இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கட்டுதல் ஒரு தலைமுறையின் செயல். காத்தல் தலைமுறைதோறும் தொடரும் கடன்.