பட்டறையும் பத்திரமும்: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கண்டுபிடிப்பும் ஆக்கவுரிமையும்

நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணை பெரியதல்ல. மேலே காசல்ரீயில் தேங்கும் நீரைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அது ஒரு குளமாகவே தோன்றும். ஆயினும் 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்கு நீர் இறங்குவது இங்கிருந்துதான். அந்த நிலையத்தில் சுழல்பவை பெல்டன் வகைச் சக்கரங்கள். அவற்றின் மூல வடிவத்தை ஆக்கிய லெஸ்டர் பெல்டன், கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் தச்சுவேலையும் ஆலைவேலையும் செய்துவந்தவர். 1880இல் அதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். இந்த ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்கிட்டுக் காட்டிய டி. ஜே. விமலசுரேந்திர பொதுப்பணித் திணைக்களத்துப் பொறியியலாளர். அவரிடம் ஆக்கவுரிமைப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை. பெல்டனின் சக்கரம் உரிமை பெற்ற எட்டாண்டுகளுக்குள் ஒரு கம்பனியின் கைக்குப் போய் உலகச் சந்தையை எட்டியது. விமலசுரேந்திரவின் திட்டம் நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. இந்த வேறுபாட்டுக்குப் பத்திரம் இருந்ததும் இல்லாததுமே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. மலையகத்தின் இயந்திர வரலாறு அந்த முடிவுக்கு இடந்தருவதில்லை. பட்டறையும் பணமும் முதல் வாங்குபவரும் முன்பே வாய்த்தவருக்குத்தான் இங்கே ஆக்கவுரிமை பயன்பட்டது. அவை வாய்க்காதவருக்கு அவற்றைத் தேடித்தரும் வல்லமை அதற்கு இருந்ததில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெல்டனின் கதையையே முதலில் பார்க்கலாம். கிண்ணத்தின் நடுவே ஒரு விளிம்பை வைத்து, பாய்ந்துவரும் நீரை இரண்டாகப் பிளந்து இருபக்கமும் திருப்பிவிடுவதுதான் அவர் செய்த மாற்றம். நீர் தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு விழும். யோசனை எளிது; ஆனால் வார்ப்பாலை இல்லாமல் அதைச் சோதிக்க முடியாது. நெவாடா சிற்றியில் இருந்த ஒரு வார்ப்பாலை அவருக்குக் கிண்ணங்களை வார்த்துக்கொடுத்தது. 1883இல் கிராஸ் வேலியில் ஐடஹோ சுரங்கத்தார் போட்டிச் சக்கரங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தபோது, பெல்டனின் சக்கரம் 90 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வினைத்திறனைக் காட்டி வென்றது. சுரங்கக்காரர்களிடையே சக்கரத்தின் பெயரை உயர்த்தியது அந்த எண்தான். 1888இல் சான்பிரான்சிஸ்கோ முதலீட்டாளர்கள் பெல்டன் நீர்ச்சக்கரக் கம்பனியைத் தொடங்கி உரிமையை வாங்கிக்கொண்டார்கள். வார்ப்பாலை, வெளிப்படையான சோதனை, அவசரத் தேவையுள்ள வாங்குபவர், இறுதியில் மூலதனம் ஆகியவற்றின் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் 1880ஆம் ஆண்டின் பத்திரம் நிற்கிறது.

இதே ஒழுங்கைத் தேயிலை இயந்திரங்களிலும் காணலாம். இலங்கையில் கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமை வழங்கும் முதற் சட்டம் 1859ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கோப்பிக் காலம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேளை அது. 1852ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பிரித்தானிய ஆக்கவுரிமை குடியேற்ற நாடுகளில் செல்லுபடியாகாததால், இலண்டனில் பத்திரம் வைத்திருந்தவரும் கொழும்பில் மீண்டும் கட்டணம் செலுத்தி மனுச் செய்ய வேண்டியிருந்தது. 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி படிப்படியாக வீழ்ந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, தொழிற்சாலைக்குள் புதிய கேள்விகள் எழுந்தன. கொழுந்தைக் கையால் உருட்டுவதும் கரியடுப்பில் உலர்த்துவதும் ஆள்பலம் விழுங்கும் வேலைகள். உருட்டலுக்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஜாக்சன். 1870களின் தொடக்கத்தில் அசாமில் தன் முதல் இயந்திரத்தை நிறுவிய அவர், இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் நிறுவனத்தோடு சேர்ந்தே உலகச் சந்தைக்குள் நுழைந்தார். உலர்த்தலுக்கு விடை தந்த சாமுவேல் டேவிட்சனும் அசாமில் தோட்டம் நடத்தியவர். பெல்பாஸ்டுக்குத் திரும்பி, வேறொரு பட்டறையில் தன் 'சிரொக்கோ' உலர்த்திகளைச் செய்வித்து, 1881இல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். மலையகத்தின் பழைய பெக்டரிகளில் வேலைசெய்தவர்களுக்கு இந்த இயந்திரங்களின் இரும்புத் தகட்டுப் பெயர்கள் அந்நியமல்ல.

ஜாக்சனின் இயந்திரங்களைப் பற்றித் தேயிலை வரலாற்று நூல்கள் திரும்பத்திரும்ப எடுத்தாளும் ஒரு கணக்கு உண்டு: 1872இல் ஓர் இறாத்தல் தேயிலையை ஆக்க 11 பென்சு ஆனது, 1913இல் அது இரண்டரை முதல் மூன்று பென்சாகக் குறைந்தது. இந்தச் சரிவு முழுவதையும் ஒருவரின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இதே காலத்தில் ரயில் பாதை மலைக்கு வந்தது, தோட்டங்கள் விரிந்தன, கூலி அடிமட்டத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் இயந்திரம் செலவைப் பெருமளவு குறைத்தது என்பதில் ஐயமில்லை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: பத்திரம் தந்த தனியுரிமை இல்லாவிட்டால் மார்ஷல் போன்ற நிறுவனம் ஜாக்சனை நம்பிப் பணம் போட்டிருக்குமா? போட்டிருக்காது என்றே நானும் எண்ணுகிறேன். பேரம் பேசும் மேசையில் பத்திரத்துக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அந்த மேசைக்கு ஒருவர் எப்படி வந்துசேர்ந்தார் என்பதற்குப் பத்திரம் விடையாகாது. ஜாக்சனும் டேவிட்சனும் தோட்ட நிருவாகத்தின் உள்ளிருந்து வந்தவர்கள். முன்மாதிரியை ஓட்டிப்பார்க்க அவர்களுக்குத் தொழிற்சாலைகள் திறந்திருந்தன. பழுதான சரக்கின் நட்டத்தைத் தாங்க உரிமையாளர்கள் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பினால் வார்ப்பாலைகள் நிறைந்த நகரங்கள் இருந்தன.

ஜேம்ஸ் டெய்லரின் நிலை இதற்கு ஓர் உரைகல். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட அவர், 1872இல் தொழிற்சாலையை முழுமைப்படுத்தியபோது உருட்டும் இயந்திரம் ஒன்றையும் தானே ஆக்கிக்கொண்டார். காலத்தால் அவர் ஜாக்சனுக்குப் பிந்தியவரல்லர். ஆனால் உலகத் தோட்டங்களுக்கு விற்பனையான உருளைகள் அவர் பெயரைத் தாங்கவில்லை. மலையை விட்டு அதிகம் நகராத அந்த மனிதருக்குப் பின்னால் கெயின்ஸ்பரோவும் இல்லை, பெல்பாஸ்டும் இல்லை. துரை என்ற தகுதி மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி. இடைவெளியை நிரப்பியவர்கள் உள்ளூர் இயந்திர வணிகர்கள். 1854இல் கண்டியில் கோப்பி இயந்திரங்களோடு தொடங்கிய வோக்கர் நிறுவனமும், 1876இல் உருவான கொழும்பு கொமர்ஷல் கம்பனியும் தேயிலை இயந்திரங்களை இங்கேயே செய்து விற்றன. தோட்டத்தில் எழுந்த யோசனை பொருளாக மாறுவதற்கான வாசல் அவர்களுடைய பட்டறைகளில்தான் இருந்தது. அதே காலத்தில் தேயிலை என்ற சரக்குக்குக் கிடைத்த கூட்டு உதவியையும் கவனிக்க வேண்டும். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்குத் தனி மண்டபம் எழுந்தது. சரக்கை விற்கத் தோட்டக்காரர்கள் சங்கமாகக் கூடி வரி விதித்துக்கொண்டார்கள். இயந்திரத்தை ஆக்கியவருக்கென்று அப்படி ஒரு நிதி ஏற்படவில்லை.

துரைமார்களின் கதை இப்படியென்றால், அந்த இயந்திரங்களோடு நாள் முழுவதும் நின்றவர்களின் கதை என்ன? உருளையில் கொழுந்தைப் போட்டு, அழுத்தம் கூட்டிக் குறைத்து, பட்டி அறுந்தால் கட்டி, சக்கரம் தேய்ந்தால் மரக்கட்டை செருகி ஓடவைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் விண்ணப்பிக்கக் கூடாதென்று 1859ஆம் ஆண்டுச் சட்டமோ அதன்பின் வந்த 1906ஆம் ஆண்டுச் சட்டமோ சொல்லவில்லை என்று வாதிடலாம். உண்மை; சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. தொழிலாளியின் கடனை எழுதி, அது தீரும்வரை அவரைக் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போகவே கடன் கணக்குத் தடையாய் நின்றவர், கொழும்புக்குப் போய் ஆங்கிலத்தில் விவரணம் எழுதுவித்துக் கட்டணம் கட்டுவதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர் பெயரில் ஆக்கவுரிமைகள் தென்படாததைக் கொண்டு அவர்களிடம் கண்டுபிடிப்பே இல்லை என்று முடிவுசெய்வோர் உண்டு. பதிவேடு யாருக்காக வைக்கப்பட்டது என்பதை மறந்து பதிவேட்டைப் படிக்கும் பிழை அது. அதே வேளை, மறைந்துபோன மேதைகள் லயமெங்கும் இருந்தார்கள் என்று சான்றின்றி எழுதுவதும் ஆய்வாகாது. சிறுசிறு திருத்தங்கள் நிகழ்ந்திராவிட்டால் அந்தப் பழைய இயந்திரங்கள் இத்தனை காலம் ஓடியிருக்க முடியாது என்ற அளவில் நிற்பதே பொருத்தம்.

இனி விமலசுரேந்திர. 1912இல் நுவரெலியாவுக்கு ஒளி தந்த பிளாக்பூல் சிறு நீர்மின் நிலையத்தோடு தொடர்புள்ள அவர், 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் வைத்த ஆய்வுரையில் கெஹெல்கமு, மஸ்கெலியா ஓயாக்களின் வீழ்ச்சியைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று காட்டினார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றது. 1931இல் அரசாங்க சபைக்கே தெரிவாகி அங்கும் அவர் அதற்காகப் பேசினார். இது கண்டுபிடிப்பே அல்ல, அரசாங்கத் திட்டம்; ஆக்கவுரிமையோடு ஏன் ஒப்பிடுகிறாய் என்று கேட்கலாம். திட்டங்களுக்கு ஆக்கவுரிமை கிடையாது என்பதே ஒப்பீட்டின் காரணம். புதுமை என்று நாட்டில் நிகழ்பவற்றில் பெரும்பகுதி பத்திர வரம்புக்கு வெளியே நிற்கிறது. அங்கே ஒருவரைத் தாங்கவேண்டியது வேறு துணை, அந்தத் துணை அவருக்கு மிகப் பிந்தியே கிடைத்தது.

லக்சபான மின்சாரம் தோட்டங்களுக்குப் பரவியபோது இன்னொன்றும் நடந்தது. பெக்டரிகளைத் தாங்கிய சிறு நீர்ச்சுழலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் மின்கட்டணம் உயர்ந்ததும், 1980களில் அவற்றைத் திருத்தும் முயற்சிகள் தொடங்கின. இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழு என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் இதில் முன்னின்றது; 1990களில் அதே அறிவு கிராமிய நீர்மின் திட்டங்களாகப் பரவியது. சாதாரண மோட்டாரை மின்பிறப்பாக்கியாகப் பயன்படுத்தும் வித்தையும், உள்ளூர்ப் பட்டறைகளில் வார்த்த பெல்டன் சக்கரங்களும் யாருடைய தனியுரிமைக்குள்ளும் அடங்காமல் ஊர் ஊராகப் போயின. பெல்டனின் பத்திரம் காலாவதியாகிப் பல தசாப்தங்கள் ஆகியிருந்தன. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இவ்வழியிலேயே நடந்தது. 1925இல் சட்டத்தால் அமைந்து ஏற்றுமதி வரியில் வாழ்ந்த அந்நிறுவனம், தன் இனக்கன்றுகளைத் தோட்டங்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. விதையின்றித் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கப்பட்டு, இன்று மலையகத்தில் வீ.பி. தேயிலை என்று சொல்லப்படுவது அந்த வழியில் பரவியதுதான். அப்படியானால் ஆக்கவுரிமையே வேண்டாமா? பொது நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் ஆய்வுக்கு இந்த வழி பொருந்தும். தன் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் இட்டு ஒரு கருவியை ஆக்கும் தனியாளிடம் இனாமாகக் கொடு என்று கேட்பது வேறு கதை.

அந்தத் தனியாளுக்காகவே இலங்கை 1979இல் இரு சட்டங்களை ஆக்கியது. 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை உரிமையை ஒழுங்குபடுத்தியது. 53ஆம் இலக்கச் சட்டம் புத்தாக்குநர் ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. உரிமைக்கு ஓர் அலுவலகம், உதவிக்கு ஓர் ஆணைக்குழு என்ற பிரிவினை அன்றே தோன்றிவிட்டது. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்று ஆக்கவுரிமையின் காலம் இருபது ஆண்டுகள். உயிரோடு வைத்திருக்க ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். விற்பனை தொடங்காத பொருளுக்கு அந்தக் கட்டணமே சுமையாகிவிடும். ஆகவே நோட்டன் பிரிட்ஜிலோ மஸ்கெலியாவிலோ இருந்து ஒருவர் புதிய கொழுந்துக் கத்தரியோடு வந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது அதை ஒரு பருவம் முழுதும் ஓட்டிப்பார்க்கச் சம்மதிக்கும் ஒரு தோட்டம். இதற்கெதிரான வலுவான மறுப்பு, சோதனைக்காக வெளியே காட்டினால் புதுமை கெட்டு உரிமையே போய்விடும் என்பது. இலங்கைச் சட்டம் விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரே வெளிப்படுத்தியதை மன்னிக்கிறது. ஐரோப்பா பொதுவாக மன்னிப்பதில்லை. எனவே சோதனை இரகசிய உடன்படிக்கையின் கீழ் நடக்க வேண்டும். அந்த உடன்படிக்கையைத் தமிழில் எழுதித்தருவதற்கு ஆள் வேண்டும். உதவி என்று சொல்லப்படுவதில் இதுவே முதற்படி. நாட்டுக்கு வெளியே விண்ணப்பிப்பதும், அதற்கு 1952இல் இலங்கை சேர்ந்த பாரிஸ் சமவாயம் தரும் பன்னிரண்டு மாத முன்னுரிமையும் அதற்குப் பின்தான் பேச்சுக்கு வரும்.

இன்னொரு சிக்கல் தோட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டும் என்பது வேலை ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு தொழிலாளி, தொழில் வழங்குநரின் தரவையோ வசதியையோ பயன்படுத்தி அதே தொழில்துறையில் ஒன்றைக் கண்டுபிடித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து ஆக்கவுரிமை தொழில் வழங்குநருக்கே சேரும் என்கிறது தற்போதைய சட்டம். தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் உண்டு, இணங்காவிட்டால் நீதிமன்றம் அதைத் தீர்மானிக்கலாம். பெக்டரியின் உருளையில், பெக்டரியின் கருவிகளால் திருத்தம் செய்யும் பொறிவேலைக்காரரின் நிலை அநேகமாக இதற்குள்ளேயே வரும். நீதிமன்றம் போய் அந்த ஊதியத்தைக் கேட்கத் தனியொரு தொழிலாளியால் இயலாது; ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாதவிடத்து' என்ற சொற்கள் கூட்டுப் பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. சம்பள உயர்வுக்காகப் பெருந்தோட்டக் கம்பனிகளோடு நெடுங்காலம் கூட்டு உடன்படிக்கை செய்துவந்த தொழிற்சங்கங்கள், கண்டுபிடிப்பின் பங்கு பற்றிய ஒரு வாசகத்தையும் பேச்சுவார்த்தையில் வைக்கலாம். சட்டத்தில் எதையும் திருத்த வேண்டியதில்லை.