எங்க டீமுக்கு எந்தப் பாட்டு?

பென்னாகரம் பக்கம் மைக் செட் கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறோம். அங்கெல்லாம் கேட்காத ஒரு கேள்வி, பொங்கலை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டியிலும் வற்றிய ஏரிக்குள் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலும் தவறாமல் வரும். முதல் நாள் ஆட்டங்களில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காலிறுதி தாண்டியதும் ஒரு பையன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வந்து நிற்பான். "பெரியப்பா, எங்க டீம் உள்ள எறங்கறப்ப எந்தப் பாட்டு போடுவீங்க?"

இனி ஒரு தோல்வி வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற கட்டத்தில்தான் ஓர் அணிக்குப் பாட்டு தேவைப்படுகிறது. இது இந்தக் காலத்துப் பையன்கள் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. எங்கள் மண்ணில் இதற்கு ரொம்பப் பழைய வரலாறு இருக்கிறது.

தருமபுரிக்குச் சங்க காலத்தில் தகடூர் என்று பேர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் கிடைத்தது. பாட்டில் மட்டும் வாழ்ந்த மன்னன் இல்லை என்பதற்கு அது சாட்சி. அவனுக்காக ஔவையார் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. 87ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகளைப் பார்த்துக் களத்துக்குள் வராதீர்கள் என்று எச்சரிக்கிறார். எங்களிடம் ஒருவன் இருக்கிறான். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்குமோ, அவன் அப்படிப்பட்டவன் என்கிறார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் எதிரணியின் காதில் விழ வேண்டிய பாட்டு இதுதானே? 89ஆம் பாட்டு எனக்கு இன்னும் நெருக்கம். ஊர்ப் பொதுவிடத்தில் தண்ணுமை என்ற தோல்கருவி தொங்குகிறது. காற்று மோதி அதில் சத்தம் எழுந்தாலே, போர் வந்துவிட்டது என்று எழுந்துவிடுவானாம் அதியமான். கைபட்டு அடிக்கக்கூட வேண்டியதில்லை. சத்தத்துக்கும் வீரனுக்கும் இருக்கிற உறவை இதற்கு மேல் ஒருவர் சொல்லிவிட முடியாது. மைக் செட் கட்டுகிற ஒவ்வொருவனும் இந்த இரண்டு பாட்டையும் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மன்னர்கள் போனார்கள், பாட்டு கூத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசி நாள் மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுகளம். அந்தக் கூத்தில் எந்த வேஷமும் சும்மா நடந்து வராது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் தன் பேரையும் பெருமையையும் தானே பாடுவார். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஏறும். கிரீடமும் புஜக்கட்டையும் திரைக்கு மேலே லேசாகத் தெரியும். திரை விலகும்போது கூட்டம் பாதி ஜெயிக்கப்பட்டிருக்கும். என் தாத்தா பம்பைக்காரர். கோயில் பண்டிகையில் சாமியை அழைப்பதும் களத்தில் ஆளை இறக்குவதும் ஒரே வேலைதான் என்பார். எருதாட்டத்தில் எந்த வீட்டு மாடு வருகிறது என்று அடியை வைத்தே ஊருக்குத் தெரியும்படி வாசிப்பாராம். தனித்தனி மாட்டுக்குத் தனித்தனி அடி.

சடுகுடுவில் பாட்டு ஆட்டக்காரனின் மூச்சிலேயே இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். நின்றால் ஆட்டம் இழந்தான். வெறும் "சடுகுடு சடுகுடு" என்று போனவர்களும் உண்டு. நல்ல பாடகர்கள் கிராமத்தில் தனியாகப் பேர் வாங்கினார்கள். பாட்டன் பேரைச் சொல்லி, ஊர்ப் பேரைச் சொல்லி, எதிரில் நிற்பவனை வம்புக்கு இழுத்து, கடைசி அசையை மூச்சு தீரும்வரை சுழற்றி இழுப்பார்கள். பாட்டின் நீளம்தான் அவன் எதிர்க்களத்தில் இருக்கிற நேரம். தொட்டுவிட்டுத் திரும்பும்போது பாட்டு முடிய வேண்டும். இவ்வளவு கச்சிதமாகப் பாட்டும் ஆட்டமும் ஒன்றாக இருந்த விளையாட்டு உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு விதிகள் வந்தன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன குழு கபடியை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்திய அளவில் கூட்டமைப்பு அமைந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க விளையாட்டானது. நாட்டுக்கு நாடு ஆட வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே சொல் வேண்டும், நடுவருக்கும் புரிய வேண்டும். அதனால் "கபடி" என்ற சொல்லைத் தவிர மற்ற பாட்டெல்லாம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. தொலைக்காட்சிக் கபடியில் ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று கடிகாரம் ஓடுகிறது. விளையாட்டு வளர்ந்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேன். ஆனாலும் பாடிப் போனவர்களின் குரல் அடங்கிய இடத்தை நிரப்பத்தான் மைக் செட் வந்தது என்று நினைக்கிறேன். கோட்டுக்குள் இருந்த பாட்டு கோட்டுக்கு வெளியே, பந்தல் காலில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு ஏறிக்கொண்டது.

அப்பா தொழில் தொடங்கியபோது எல்லாம் இசைத்தட்டு. ஊசி தேய்ந்தால் பாட்டு ஒரே இடத்தில் சுற்றும். முதல் பாட்டு எப்போதும் பிள்ளையாருக்கோ முருகனுக்கோ. அப்புறம் எம்.ஜி.ஆர். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் டி.எம்.எஸ். பாடிய சாட்டைப் பாட்டை வைத்தால் கூட்டம் எழுந்து நிற்கும் என்பார் அப்பா. 'முரட்டுக் காளை' (1980) வந்த பிறகு அதில் ரஜினிக்காக மலேசியா வாசுதேவன் பாடிய பாட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் எருதாட்டமும் இல்லை, கபடியும் இல்லை. கேசட் காலத்தில் நான் பொறுப்பை ஏற்றேன். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வருவோம். வேண்டிய பாட்டு எங்கே இருக்கிறது என்று கேசட்டைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி, ஆள் களத்துக்குள் கால் வைக்கிற நொடிக்குப் பாட்டைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். அது ஒரு கைப்பழக்கம். பென் டிரைவ் வந்ததும் அந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது.

அந்த நாட்களில் அணிகள் பாட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கூடிப் பேசி முடிவு செய்த அணி எனக்கு நினைவில்லை. வரிசையில் தற்செயலாக வந்த ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அணி இறங்கும், தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயிக்கும். அவ்வளவுதான், அது ராசிப் பாட்டு. அடுத்த ஆட்டத்துக்கு அந்தப் பாட்டைப் போட்டால்தான் கோட்டுக்குள் வருவார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கத்து அணி ஒன்று மழையில் ஈரமான களத்துக்கு வெளியே நின்றபடி, "அந்தப் பாட்டு வரட்டும்" என்று காத்திருந்தது. எதிரணியும் அதே பாட்டைக் கேட்டுவிட்டால் சண்டைதான். அதனால் முதலில் ஜெயித்த அணிக்கே அந்தப் பாட்டு என்று ஒரு முறை வைத்தோம். கேப்டன் துண்டுச் சீட்டில் படத்தின் பேரை எழுதிக் கொடுப்பார். அந்தப் போட்டி முடியும்வரை வேறு யாருக்கும் அது கிடையாது. விழாக் குழுவும் இதை ஏற்றுக்கொண்டது.

இதையே அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் செய்கின்றன என்று பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னபோது எனக்குப் பெரிய சந்தோஷம். கிட்டத்தட்ட நம் கில்லி மாதிரி, கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம். அங்கே அக்டோபர் மாதம் நாக்-அவுட் காலம். 1979இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு வில்லி ஸ்டார்ஜெல் கேப்டன், வயது 39, எல்லோரும் அவரை அப்பா என்ற பொருளில்தான் கூப்பிடுவார்கள். நான்கு அக்கா தங்கைகள் சேர்ந்து பாடிய, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்கிற பாட்டை அவர் அணிக்கு எடுத்துக்கொண்டார். இறுதிச் சுற்றில் ஏழு ஆட்டத்தில் 3-1 என்று பின்தங்கியிருந்தவர்கள் மீதி மூன்றையும் ஜெயித்தார்கள். 2005இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 1981ஆம் வருடத்துப் பழைய ராக் பாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 1917க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. 2019இல் வாஷிங்டன் அணிக்காரர் கெரார்டோ பாரா, தன் சின்ன மகளுக்குப் பிடித்த 'பேபி ஷார்க்' என்ற குழந்தைப் பாட்டைத் தான் ஆட வரும்போது போடச் சொன்னார். அரங்கம் முழுக்க இரண்டு கையையும் சுறாவின் வாய் மாதிரி தட்டத் தொடங்கியது. தொடக்கத்தில் 50 ஆட்டத்தில் 31 தோற்றிருந்த அணி அது. அந்த ஆண்டே கோப்பையைத் தூக்கியது. 2024இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஹோசே இக்லேசியாஸ் தானே பாடி வெளியிட்ட பாட்டு அணியின் பாட்டானது. இந்தக் கடைசி ஆள் நம் சடுகுடுக்காரரேதான், ஆடுகிறவனே பாடுகிறான்.

நம் நாட்டில் பெரிய அணிகள் பாட்டை முன்கூட்டியே செய்து வைக்கின்றன. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது சென்னை அணிக்கு 'விசில் போடு' வந்தது. அது நிலைத்ததற்குக் காரணம் விளம்பரம் இல்லை என்பது என் கருத்து. தமிழ்நாட்டுத் தியேட்டரில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்த தலைமுறைகள் ஏற்கெனவே இருந்தன. பாட்டு அவர்களைத் தேடி வந்தது. கபடி லீகுக்கு 2015இல் அமிதாப் பச்சன் 'லே பங்கா' பாடினார். பெரிய குரல், பெரிய செலவு. எங்கள் ஏரிக்கரையில் ஒரு பையன்கூட அதைக் கேட்டு என்னிடம் வந்ததில்லை.

வந்து கேட்டது எப்போது என்றால், 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' வெளியான பிறகு. தமிழரசன் பச்சமுத்து இயக்கிய அந்தப் படத்தில் கெத்து என்ற டென்னிஸ் பந்து ஆட்டக்காரர் களமிறங்கும்போதெல்லாம் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' (1989) படப் பாட்டு ஒலிக்கும். இளையராஜா இசை. மைக் செட்காரன் வேலையை இவ்வளவு சரியாகக் காட்டிய படம் வேறில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு எல்லா அணிக்கும் அதே பாட்டு வேண்டும் என்றார்கள். எங்கள் துண்டுச் சீட்டு முறை உடைந்தது. 35 வருடம் முந்தைய பாட்டு பையன்கள் வாயில் திரும்ப வந்தது நல்லதுதான். ஆனால் எட்டு அணிக்கும் ஒரே பாட்டு என்றால் அது எந்த அணியின் பாட்டு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பிள்ளைகள் படிக்கிற, வயசானவர்கள் தூங்குகிற ஊரில் அது நியாயமான விதி. நான் மணி பார்த்து அணைத்துவிடுவேன். ஆனால் கபடி இறுதி ஆட்டம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் நடக்கிறது. டியூப் லைட் எரியும், பாட்டு இருக்காது. அந்த நேரத்தில்தான் உண்மை தெரியும். சொந்தப் பாட்டு உள்ள அணிக்கு அதன் ஊர்க்காரர்கள் கோட்டைச் சுற்றி நின்று வாயாலேயே பாடுவார்கள், தகர டப்பாவில் தாளம் போடுவார்கள். மற்ற அணிகள் மௌனமாக இறங்கும். பென் டிரைவில் மட்டும் இருக்கிற பாட்டு பத்து மணியோடு அந்த அணியை விட்டுப் போய்விடுகிறது.

அதனால் இப்போது யார் வந்து "எந்தப் பாட்டு பெரியப்பா" என்று கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்கிறேன். பென்னாகரம், நல்லம்பள்ளி, பாலக்கோடு, அரூர் பக்கமெல்லாம் இன்னும் பம்பைக்காரர்கள் இருக்கிறார்கள், கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். வேஷத்துக்கு வருகைப் பாட்டு கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். உங்கள் ஊர்ப் பேர், உங்கள் அணிப் பேர், உங்கள் ஆட்டக்காரர்கள் பேர் எல்லாம் வைத்து நாலு வரி கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கோடு நியாயமான சன்மானமும் கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். போனிலேயே பதிந்து கொண்டு வாருங்கள், போதும். வரும் பொங்கலில் அப்படிச் சொந்தப் பாட்டோடு வருகிற அணி எந்த ஊராக இருந்தாலும், சினிமாப் பாட்டுக்கு முன்னால் அதைத்தான் போடுவேன்; அந்த அணியின் ஊர் அடுத்து நடத்தும் போட்டிக்கு என் செட்டுக்கு வாடகை வாங்க மாட்டேன்.