வீடு என்னுஞ் சொல்

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்தைச் சார்ந்த சித்தையன்கோட்டையில் ஒருவரை நோக்கி 'வீடு யாது?' என வினவின், அவர் தாம் குடியிருக்கும் மனையையே காட்டுவர். தமிழ் வழங்கும் பிறவூர்க்கும் இஃது ஒக்கும். நூலோரோ அச்சொல்லாற் பிறவி நீங்கிய நிலையைக் குறிப்பர். இவ்விரண்டும் ஒரு சொற்குப் பொருளாயினவாறு யாங்ஙனம்?

விடு என்னும் முதனிலை நீண்டு வீடு எனத் தொழிற்பெயராயிற்று. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் ஆயினாற்போல. ஆகவே விடுதலே முதற்பொருளாம். நட்பாராய்தல் அதிகாரத்து முதற்குறளில் திருவள்ளுவர் இச்சொல்லை நட்பினை விட்டொழிதல் என்னும் பொருளிலேயே ஆண்டார். ஆண்டுப் பிறவியும் இல்லை, முத்தியும் இல்லை. உறையுளைச் சான்றோர் செய்யுட்கள் இல் என்றும் மனை என்றும் கூறும். உறையுட்பொருள் பிற்பட்டது போலும். தொழிலை விட்டுத் தங்குமிடம் அப்பெயர் பெற்றதெனக் கருதலாம். விடுதி, படைவீடு என்னும் வழக்குக்களும் அதற்குத் துணையாம்.

இனி, தொல்காப்பியர் அறமுதலாகிய மூன்றனையே கூறினார். குறளும் முப்பாலிற்றே. வீடு மனமொழிகட்கு எட்டாததாகலின் துறவறமாகிய காரணத்தாற் கூறப்படுவதன்றி இலக்கணத்தாற் கூறப்படாதென அதற்கு அமைதி கூறினார் பரிமேலழகர். நன்னூலார் காலத்தோ நூற்பயன் நான்கென வெளிப்பட எண்ணப்பட்டது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடுண்டு. விடுதல் என்னுஞ் சொல் எதனின்று நீங்கியது என்பதைக் காட்டுமேயன்றி, எதனை அடைந்தது என்பதைக் காட்டாது. முத்தி என்னும் வடசொல்லும் அத்தன்மைத்தே. நீக்கம் ஒன்றே போதுமெனின், உயிர் கல்போற் கிடப்பதே முத்தியென்னும் பாடாணவாதியின் கொள்கையை மறுத்தல் அரிதாம். அதுபற்றியே சித்தாந்திகள் பாசநீக்கம், சிவப்பேறு என இரண்டும் வேண்டினர். பெறு என்பதன் திரிபாகிய பேறு, வீடு என்பதனோடு ஒரே இலக்கணத்தது. பொருளாற் பெரிதும் வேறு.

சங்கற்பநிராகரணத்திற் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 எனக் காலங் குறித்த உமாபதிசிவம், 10 அதிகாரமும் 100 குறட்பாவுமாகத் திருவருட்பயன் இயற்றினார். திருக்குறட்கு இல்லாத வீட்டுப்பாலாக அதனைக் கொள்வாரும் உளர். ஆயினும் அந்நூலுள் வீடு என்னும் பெயரால் ஓர் அதிகாரமும் இல்லை. எட்டாவதற்கு இன்புறுநிலை என்றும், இறுதியதற்கு அணைந்தோர் தன்மை என்றுமே பெயரிட்டார்.