நாகிரேவின் மருத்துவச்சி

ஹங்கேரியில் திஸா ஆற்றங்கரையில் இருக்கிறது நாகிரேவ் கிராமம். அடிக்கிற கணவர்களுக்கு மனைவிகள் விஷம் வைத்த ஊர் என்றே அதன் கதையை முதலில் படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூர மகிழ்ந்தேன்.

முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய கொலைகள் 1929இல்தான் வெளியே வந்தன. ஈ கொல்லும் தாளை ஊறவைத்து ஆர்செனிக்கை வடித்துக் கொடுத்தவர் ஊர் மருத்துவச்சி யூலியா ஃபஸேகாஷ். பெரியவர்கள் முடித்துவைத்த திருமணம், மணவிலக்கை நினைத்தும் பார்க்க முடியாத நிலை, போரிலிருந்து உடைந்து திரும்பிய ஆண்கள், குடி, அடி எல்லாம் உண்மைதான். ஆனால் சோல்னோக் நீதிமன்றத்தில் விசாரித்த வழக்குகளைப் படிக்கப் படிக்க என் மகிழ்ச்சி வற்றியது. செத்தவர்களில் வயதான பெற்றோர் இருந்தார்கள். நோயாளி மகனைக் கொன்ற தாயும் அங்கே இருந்தார். சில சாவுகளுக்குப் பின்னால் நிலம் இருந்தது.

முதல் கொலைக்கு அடியும் உதையும் காரணமாக இருக்கலாம். அடுத்தடுத்த கொலைகளுக்கு? ஊரில் டாக்டர் இல்லை. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஃபஸேகாஷ்தான். கருக்கலைப்புக்காக அவரைப் பலமுறை கைது செய்த அரசு, அந்த ஊரின் சாவுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சாவை யாரும் கேட்காதபோது அடுத்தது சுலபமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரிக்கும் வழி தெரிந்துபோனது.

போலீஸ் தேடி வந்தபோது ஃபஸேகாஷ் விஷம் குடித்து இறந்தார். சில பெண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அடிபட்ட மனைவிக்காக இன்றும் வாதாடுவேன். அந்தத் தாயிடம் வரும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.