சாலை வந்த ஆண்டில் உருவான வனாந்தரம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டாசன் கிரீக் என்ற ஊரில் புறப்படும் அலாஸ்கா நெடுஞ்சாலை, யூகான் பிரதேசத்தைக் கடந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. கோடை வந்துவிட்டால் கேரவன்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் சாரைசாரையாகப் போகின்றன. லியார்ட் வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே சாலையோரம் மேயும் பைசன்கள், மஞ்சோ ஏரிப் பக்கம் உப்பு நக்க இறங்கிவரும் மலையாடுகள், குளுவானி ஏரிக்கு மேலே சரிவுகளில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் டால் ஆடுகள், அந்த மலைகளுக்கும் பின்னால் 5,959 மீட்டர் உயரமுள்ள லோகன் சிகரத்தைச் சூழ்ந்த பனிவெளி ஆகியவற்றுக்காகத்தான் இவ்வளவு பேர் வருகிறார்கள். மனிதக் கை படாத நிலத்தின் நடுவே ஒரு சாலை ஓடுகிறது என்பது வருகிறவர்களின் நம்பிக்கை. வரலாற்றுச் சான்றுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. இன்று நாம் காணும் வனாந்தரமும் அந்தச் சாலையும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நெருக்கடியிலிருந்து உருவானவை. இரண்டுமே அரசு ஆணைகளின் விளைவு. லியார்டின் பைசன்களையே பாருங்கள். அந்த மாகாணத்திலிருந்து முற்றிலும் மறைந்துபோன இனம் அது. இப்போது மேய்பவை 1990களில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. சாலைக்காகக் காடு வெட்டிய ஓரங்களில் முளைக்கும் புல்தான் அவற்றைச் சாலையருகே இழுக்கிறது.

1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அடுத்த பிப்ரவரியில் அலாஸ்காவுக்குத் தரைவழி அமைக்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்புதல் கொடுத்தார். மார்ச்சில் வேலை தொடங்கிவிட்டது. வழித்தடத்தை முடிவு செய்ததில் நில அமைப்பைவிட எட்மன்டனிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை வரிசையாக இருந்த விமானத் தளங்களுக்கே பங்கு அதிகம். சோவியத் ஒன்றியத்துக்கு அமெரிக்கா அனுப்பிய போர் விமானங்கள் அந்தத் தளங்கள் வழியாகத்தான் பறந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் எட்டே மாதங்களில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு முதற்சாலையை வெட்டி முடித்தார்கள். பொறியியல் ரெஜிமென்ட்கள் ஏழில் 93, 95, 97 ஆகிய மூன்றும் கறுப்பினத்தவருடையவை. அலாஸ்காவின் படைத் தளபதி பக்னர், அவர்கள் அங்கேயே குடியேறிவிடுவார்கள் என்ற அச்சத்தை எழுத்திலேயே பதிவு செய்தவர். ஊர்களுக்குள் வராதபடி அவர்கள் காட்டுக்குள்ளேயே நிறுத்தப்பட்டார்கள். 95ஆம் ரெஜிமென்டுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் கோடரியும் மண்வெட்டியும்தான். அதே ரெஜிமென்ட் சிக்கானி சீஃப் ஆற்றின் மேல் நான்கு நாள்கூட ஆகாமல் ஒரு மரப்பாலம் கட்டியது. 1942 அக்டோபரில் பீவர் கிரீக் அருகே தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த இரண்டு புல்டோசர்கள் சந்தித்தபோது, ஒன்றை ஓட்டியவர் கறுப்பினத்தவர், மற்றதை ஓட்டியவர் வெள்ளையர். அந்தப் படம் அன்று எங்கும் பரவியது. அலாஸ்காவின் கெர்ஸ்டில் ஆற்றுப் பாலத்துக்குக் கறுப்பினப் படைவீரர்களின் நினைவாகப் பெயர் சூட்டியதோ 1993இல்தான்.

அந்த நிலத்தை அறியாதவர்கள் போட்ட சாலை என்பதற்கு உறைமண்ணே சாட்சி. மேலே போர்த்தியிருந்த பாசியைப் புல்டோசர் வழித்தெடுத்ததும், ஆண்டு முழுவதும் உருகாதிருந்த அடிமண் வெயில் பட்டு இளகிக் குழம்பானது. லாரிகள் அச்சுவரை புதைந்தன. பாசியை அகற்றாமல் மரத்தடிகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கி, அதன்மேல் சரளை கொட்ட வேண்டும் என்று படையினர் அடிபட்டுத்தான் கற்றார்கள். அதே நிலத்தில் கடக்கும் இடம் எது, தவிர்க்கும் இடம் எது என்று காஸ்கா, தெற்கு டச்சோனி, டிலிங்கிட் முதற்குடி மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். நில அளவையாளர்கள் பல இடங்களில் அவர்களையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவர்களின் பழைய ஒற்றையடிப் பாதைகளைப் பின்பற்றினார்கள். அந்த அறிவின் ஆழத்தைக் காட்ட ஹெய்ன்ஸ் ஜங்ஷன் என்ற ஊர் போதும். அது நிற்பது ஒரு பழைய ஏரியின் தரையில். லோவெல் பனியாறு முன்னேறி ஆல்செக் ஆற்றை மறித்தபோது தேங்கிய ஏரி அது; 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த அணை உடைந்து, கீழே முகாமிட்டிருந்தவர்களை வெள்ளம் அடித்துச் சென்றது. புவியியலாளர்கள் கரைத்தடங்களிலிருந்து வாசித்த இந்தச் செய்தியை அந்த மக்கள் வாய்மொழியாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஆஞ்செலா சிட்னி, கிட்டி ஸ்மித், ஆனி நெட் போன்ற மூதாட்டிகள் சொன்னவற்றை மானுடவியலாளர் ஜூலி க்ரூக்‌ஷாங்க் பதிவு செய்திருக்கிறார். பனியாற்றுக்குக் காது உண்டு, அதன் அருகே கொழுப்பைப் பொரிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆபத்தான அண்டை ஒன்றோடு நெடுங்காலம் வாழப் பழகியவர்களின் ஒழுக்கமாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சாலையோடு துப்பாக்கிகளும் வந்தன. படையினரும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கண்ணில் பட்ட விலங்குகளைச் சுட்டுத் தள்ளுவதாகப் புகார் எழுந்தது. 1942 டிசம்பரிலேயே, சாலைத் திறப்பு விழா நடந்த சில வாரங்களுக்குள், கனடா அரசு குளுவானிப் பகுதியில் பெரும் பரப்பை ஒதுக்கி வைத்தது. 1943இல் அது விலங்குச் சரணாலயம் ஆயிற்று. வேட்டைத் தடை எல்லோருக்கும் பொது. ஆனால் கட்டுமானப் படைகள் போய்விட்டன. தடை மட்டும் தங்கியது. அங்கே மூஸ் மானையும் ஆட்டையும் நம்பி வாழ்ந்த டச்சோனி குடும்பங்கள், சொந்த வேட்டை நிலத்தில் கால் வைத்தால் குற்றவாளிகள் ஆனார்கள். அதே ஆண்டுகளில் டெஸ்லின் போன்ற ஊர்களில் சாலைவழி வந்த தட்டம்மை, கக்குவான், வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. நோயில் ஓய்ந்த வீடுகளுக்கு இறைச்சியும் தடை என்றால் என்ன நேர்ந்திருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் பயணிகள் கண்டு வியந்த ஆளற்ற அமைதியில் ஒரு பங்கு, ஆட்களை வெளியேற்றியதால் கிடைத்தது.

சரணாலயம் இல்லாவிட்டால் டால் ஆடுகளே மிஞ்சியிருக்காது என்று ஒரு மறுப்பு உண்டு. பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். 1903இல் குளுவானியில் தங்கம் தேடி வந்தவர்களும், பிறகு வேட்டைக்கென வந்த செல்வந்தர்களும் சுட்டதும் கணக்கில் வர வேண்டியதுதான். ஆனால் டச்சோனி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக வேட்டையாடிய பிறகும் 1942இல் அங்கே காப்பாற்றுவதற்கு ஆடுகள் இருந்தன. புதிதாக வந்த ஆபத்து லாரியில் வந்தது. சட்டம் அந்த லாரியைக் குறிவைத்திருக்கலாம். அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு விலக்கு தந்திருக்கலாம். போர்க்கால அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது என்பது இன்னொரு மறுப்பு. அவசரம் 1945இல் முடிந்தது. சாலை 1946இல் கனடாவிடம் ஒப்படைக்கப்பட்டது, 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, 1970களில் குளுவானியில் தேசியப் பூங்கா வந்தது. திருத்திக்கொள்ள இத்தனை தருணங்கள் வாய்த்தன. சாலையால் மருத்துவமனை, கடை, கூலி வேலை கிடைத்தன என்பதும் உண்மையே. முதற்குடிகளே அதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நன்மைகள் எதற்கும் அவர்கள் வேட்டை நிலத்தை இழந்தாக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1979இல் குளுவானி உலகப் பாரம்பரியச் சின்னமானது. சாம்பெயின் மற்றும் ஐஷிஹிக் முதற்குடிகளோடு 1993இலும், குளுவானி முதற்குடிகளோடு 2003இலும் ஏற்பட்ட உடன்படிக்கைகள்தான் அவர்களின் வேட்டை உரிமையையும் பூங்கா நிர்வாகத்தில் அவர்களுக்குரிய பங்கையும் உறுதிசெய்தன. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பல குடும்பங்களில் பிள்ளைகளை அந்த மலைகளுக்கு அழைத்துப்போய்க் கற்பிக்கும் வழக்கமே அறுந்துவிட்டது. இழப்பு எவ்வளவு என்பது 2016இல் தெரிந்தது. காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கி, ஸ்லிம்ஸ் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் வேறு பக்கம் திரும்பிப் பசிபிக் நோக்கி ஓடிவிட்டது. குளுவானி ஏரி தாழ்ந்தது. சாலைப் பாலத்தருகே ஆற்றுப்படுகையில் புழுதி கிளம்புகிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன் அதே பனியாறு முன்னேறியபோது ஏரியின் வடிகால் தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பியது. இத்தகைய நிலத்தில், பனியாறுகளின் போக்கைக் கவனித்து நினைவில் வைத்திருந்த மக்களையே ஐம்பது ஆண்டுகள் வெளியே நிறுத்தியிருந்தார்கள். வழியெங்கும் சாலை கட்டிய ரெஜிமென்ட்களின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளில், 1943இல் யாருடைய வேட்டை நிலம் மூடப்பட்டது என்பதும் அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும்.